கோடு போடாத தடை

"என் தப்புதான். போதுமா?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள் நன்னா.

துப்பறிய வந்திருந்த போடில், சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாடிப்படியில் அவர்களுடைய ஈரக் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றான் ட்ரோல்ஸ். "குற்றவாளி ஒத்துக்கிட்டாச்சு. எங்க வீட்ல கடைசித் துண்டு கேக்கை யார் தின்னதுன்னு கேட்டாக்கூட இதைவிட நேரமாகும்."

"அதான் எனக்கு உதைக்குது."

"எது? கேக்கா?"

"வேலை போய், பேப்பர்ல படம் வந்து, ஊரே காறித் துப்புது. அவளைக் காப்பாத்தத்தான் ஊழியர் சங்கம் நம்மளை அனுப்பியிருக்கு. ஆனா கதவைத் திறந்ததும் தப்பு என்னோடதுங்கறா. என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறா. தப்பு பண்ணவங்க காரணம் சொல்லுவாங்க ட்ரோல்ஸ். இவ காரணமே சொல்லல."

போடில் வரி இலாகாவில் நெடுங்காலம் பொய்க் கணக்குகளைப் பிடித்துவிட்டு, அங்கே மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அவளுடைய உதவியாளன் ட்ரோல்ஸ் சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவன். வாயை மட்டும் விடவில்லை.

விஷயம் இதுதான். ஸ்கோவ்ஹாவ்ன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தவர் வெர்னர் டோஃப்டே. கப்பல்களுக்குச் சாயம் அடித்தே நுரையீரலைத் தொலைத்தவர். மூச்சு முட்ட ஆரம்பித்ததும், முதியோர் இல்லத்தில் சில வாரங்களுக்கு ஓர் அவசரப் படுக்கை வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்டார். படுக்கை காலியாகவே இருந்தது. ஆனாலும் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது கோட்டும் தொப்பியும் மாட்டி, பையைக் காலருகில் வைத்துக்கொண்டு நாற்காலியில் செத்திருந்தார். கூப்பிடுவார்கள் என்று கிளம்பித் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

அவருடைய கோப்பைப் பார்த்துக்கொண்ட நகராட்சி ஊழியர் நன்னா. அலட்சியம் என்று நகராட்சி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கொலைகாரி என்றே பத்திரிகையில் சொல்லிவிட்டாள் வெர்னரின் மகள்.

*

முதியோர் நலப் பிரிவின் தலைவர் பிரேபென் அவர்களை வாய் நிறையச் சிரிப்போடு வரவேற்றார். இன்னொரு நாற்காலியில் இருந்த துணிப்பையை நகர்த்தி ட்ரோல்ஸுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். பையில் இஸ்திரி போட்ட பைஜாமாக்கள் எட்டிப் பார்த்தன.

"எங்கப்பாவோடது. அவருக்கும் நெஞ்சு சரியில்ல. தினம் மத்தியானம் நான்தான் போய் சூப் சூடு பண்ணிக் கொடுக்கணும். காலையில நர்ஸ் வந்து மருந்து கொடுத்துட்டுப் போயிடுவா. ஆனா அவ போடற காபி அவருக்கு ஆகாது."

"நகராட்சி காபியை நானும் இப்பதான் குடிச்சேன். உங்கப்பா பக்கம் நியாயம் இருக்கு," என்றான் ட்ரோல்ஸ்.

பிரேபென் சுவரைக் காட்டினார். அங்கே பெரிய படம் ஒன்று தொங்கியது. கட்டங்கள், கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறிகள்.

"முன்னெல்லாம் முதல்ல இது, அடுத்து அதுன்னு படிக்கட்டு மாதிரி இருக்கும். ஊழியர் கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம். இப்ப அப்படி இல்ல. எதைச் செய்யக் கூடாது, எதை விடக் கூடாதுன்னு மட்டும் விதி. மத்ததெல்லாம் அவங்க இஷ்டம். அக்கம்பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்க."

வழி போடவில்லை, வேலி மட்டும் போட்டிருக்கிறார்கள் என்று போடில் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"வெர்னர் விஷயத்துல என்ன ஆச்சு?"

பிரேபென் இரண்டு கட்டங்களைத் தொட்டார். 'நர்ஸ் வருகை.' அதிலிருந்து ஓர் அம்பு போய் 'அவசரப் படுக்கை'யைத் தொட்டது.

"நர்ஸ் போய்ப் பார்த்திருந்தாத்தான் படுக்கை கொடுக்கலாம். பெரியவர் வீம்புக்காரர். அதுவரைக்கும் எங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல, அதனால நர்ஸ் போனதே இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனை அழுத்தி நன்னா அனுப்பியிருக்கணும். அனுப்பல. அம்பைப் பார்த்துட்டு, நர்ஸ் போவா, அப்புறம் படுக்கை தானா வரும்னு காத்துக்கிட்டு உட்கார்ந்துட்டா. பாவம், படத்தைப் படிக்கத் தெரியல."

"நான் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"தாராளமா. ரகசியம் எதுவும் இல்ல."

*

மழை விட்டிருந்தது. சதுக்கத்தில் நின்ற தொத்திறைச்சி வண்டியில் ஆளுக்கொரு சாசேஜ் வாங்கிக்கொண்டார்கள்.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். நானும் அந்த அம்பை நன்னா மாதிரிதான் படிச்சேன். நர்ஸ் வருவா, அடுத்து படுக்கை வரும்."

"பதினெட்டு வயசு ஆனாத்தான் பார்ல பீர் கொடுப்பான். சரியா?"

"சரி."

"அப்போ பதினெட்டு ஆன எல்லாரும் பீர் குடிச்சே ஆகணுமா?"

ட்ரோல்ஸ் மெல்லுவதை நிறுத்தினான். "ஆக வேண்டியதில்லையா? ஐயோ மேடம், இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா என் ஈரல் பொழைச்சிருக்குமே!"

போடில் சிரிக்கவில்லை. "அந்த அம்பு அனுமதிதான். வாக்குறுதி இல்ல. ஆனா அம்பைத் தப்பாப் படிச்சது பாதி. நர்ஸை அனுப்ப ஒரு பட்டனை அழுத்தணும். நன்னா ஏன் அழுத்தல?"

"மறந்திருப்பா."

"பெரியவர் வாரம் பூரா போன் பண்ணியிருக்கார். எப்படி மறப்பா?" போடில் போட்டோவைப் பெரிதாக்கினாள். "நர்ஸ் வருகையில போய் முடியற அம்பு வேற எதாவது இருக்கா பாரு."

ஒன்று இருந்தது. படத்தின் ஓரத்தில் 'உறவினர் பொறுப்பு' என்ற கட்டத்திலிருந்து புறப்பட்டு, குறுக்கே வெட்டுக்குறியோடு வந்து முட்டியது.

"சொந்தக்காரங்க யாராவது நான் பார்த்துக்கறேன்னு பொறுப்பு எடுத்துக்கிட்டா, அதுக்கப்புறம் நர்ஸ் வரக் கூடாது," என்று படித்தான் ட்ரோல்ஸ். "நியாயம்தானே? மக பார்த்துக்கும்போது நர்ஸ் எதுக்கு?"

"இப்ப ரெண்டையும் சேர்த்துப் படி."

"பொறுப்பு எடுத்தா நர்ஸ் கிடையாது. நர்ஸ் வராம படுக்கை கிடையாது." அவன் கை அப்படியே நின்றது. கடுகுச் சாறு விரலில் வழிந்தது. "அப்படின்னா, நர்ஸ் போகாத வீட்டுல ஒருத்தர் பொறுப்பு எடுத்துட்டா, படுக்கையே கிடையாதா?"

"எப்பவுமே கிடையாது."

"பொறுப்புக்கும் படுக்கைக்கும் நடுவுல கோடே இல்லையே மேடம்!"

"அதனாலதான் யார் கண்ணுலயும் படல. ரெண்டு விதியும் தனித்தனியா யோக்கியமானதுங்க. சேர்ந்து நிக்கும்போது மூணாவதா ஒரு தடை முளைக்குது. அதை யாரும் எழுதல, யாரும் வரையல. நன்னா பட்டனை அழுத்தாம இல்ல. பட்டன் செத்துப்போச்சு."

"கொலைக்கருவி கிடைச்சாச்சு," என்றான் ட்ரோல்ஸ். "அதை எடுத்த கை யாரோடது?"

கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வெர்னருக்கு இருந்த ஒரே சொந்தம் மகள்தான்.

*

வெர்னரின் மகள் டோர்தே ஒரு மணி நேர ரயில் தூரத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். அங்கே மறுபடி மழை பிடித்துக்கொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லை. யாருக்கும் வெட்டாமல் ஒரு கத்தரியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நன்னாவைக் காப்பாத்த வந்தவங்கதானே நீங்க? வெளியே போங்கன்னு சொல்லியிருப்பேன். மழையில நனைஞ்சு வந்திருக்கீங்க. உட்காருங்க."

"உங்கப்பா படுக்கை கேட்டப்போ நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் போடில்.

"நானா? நான் சும்மா இருக்கல. நகராட்சிக்குப் போன் போட்டேன். தலைவரே பேசினார், பிரேபென். தங்கமான மனுஷன். 'உறவினர் பொறுப்பை எடுத்துக்குங்க, கோப்பு வேகமா நகரும், என்ன நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியவரும்'னார். இந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு போன்லயே எடுத்துக்கிட்டேன். அப்பாகிட்ட சொன்னேன், இனிமே நான் இருக்கேன்பா, கவலைப்படாதே, பையைக் கட்டி வைன்னு."

அவள் கத்தரியை மேசைமேல் போட்டாள்.

"பையைக் கட்டி வெச்சாரு. அந்தப் பொம்பளை ஒரு பட்டனை அழுத்தியிருந்தா போதும். என்னால முடிஞ்சதை நான் பண்ணேன். அவளால ஒரு விரலை அசைக்க முடியலையே! அவ நல்லா இருப்பாளா?"

போடில் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

திரும்பி வரும் ரயிலில் ட்ரோல்ஸ் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

"அவங்க பாசத்துல பண்ணாங்க," என்றான் கடைசியில்.

"ஆமா. யார் சொல்லிப் பண்ணாங்க?"

"அந்தத் தங்கமான மனுஷன். ஆனா மேடம், அவருக்கும் தெரியாம இருந்திருக்கலாமே? நமக்கே ஒரு தொத்திறைச்சி தின்ற பிறகுதானே புரிஞ்சுது?"

"தெரியுமா தெரியாதாங்கறதை அவர் வாயாலயே சொல்ல வைக்கணும்."

*

மறுநாள் மத்தியானம், பிரேபென் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அவரைப் பிடித்தார்கள். கையில் சூப் பாத்திரம்.

"அப்பாவுக்கா?" என்றாள் போடில். "உங்களை மாதிரி பிள்ளை கிடைக்கறது அபூர்வம். துணி துவைச்சு, இஸ்திரி போட்டு, தினமும் சாப்பாடு."

"கடமைங்க."

"காலையில நர்ஸும் வர்றாங்க இல்லையா?"

"தினம் வருவா."

"அதெப்படி?"

பிரேபென் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"போன் பண்ற மகன், மகள் எல்லார்கிட்டயும் உறவினர் பொறுப்பை எடுத்துக்குங்க, நல்லதுன்னு சொல்றீங்க," என்றாள் போடில். "அப்பாவை உங்களை மாதிரி இந்த ஊர்லயே யாரும் பார்த்துக்கல. ஆனா நீங்க பொறுப்பு எடுத்துக்கல. எடுத்திருந்தா நர்ஸ் நின்னிருப்பா. எல்லாருக்கும் ஊட்டின மருந்தை நீங்க மட்டும் ஏன் குடிக்கல?"

"எனக்கு, நேரம்..."

"பைஜாமாவுக்கு இஸ்திரி போட நேரம் இருக்கே சார்," என்றான் ட்ரோல்ஸ். அவன் குரலில் கேலி இல்லை.

பிரேபென் கோட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்தார். அவர் குரலில் அந்தச் சிரிப்பு இல்லை.

"போன வருஷமே கண்ணுல பட்டுச்சு. மேல சொன்னேன். படுக்கை கம்மி, வரிசை நீளம், இது தானா கொஞ்சம் பேரை நிறுத்தி வைக்குது, இப்போதைக்குத் தொடாதேன்னாங்க. நான் எந்த விதியையும் மீறல. பொறுப்பு எடுக்கச் சொல்றது தப்புன்னு எந்த விதியில இருக்கு? காட்டுங்க."

"வெர்னருக்குப் படுக்கை காலியா இருந்துச்சே?"

"அன்னிக்கு இருந்துச்சு. தினமும் இருக்காது." அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னைத் திட்டறதுக்கு முன்னாடி உங்க நன்னாவைக் கேளுங்க. அவளுக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாள் இங்க வந்து நின்னா. அவளே கண்டுபிடிச்சுட்டா, நீங்க கண்டுபிடிச்ச மாதிரியே. வெளியே சொல்லப் போறேன்னா. தாராளமா சொல்லு, ஆனா முதல்ல அந்த மகள்கிட்ட போய், 'உங்க கையாலதான் கதவு மூடிச்சு'ன்னு சொல்லிட்டு வான்னேன். போனா. திரும்பி வந்து, என் தப்புன்னே எழுதிக்கங்கன்னு சொல்லிட்டா."

ட்ரோல்ஸ் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. போடில் அவன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

*

இந்த முறை நன்னா கதவைச் சாத்தவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டு ஒதுங்கி வழி விட்டாள்.

"அவங்க கடை வரைக்கும் போனேன்," என்றாள். "கண்ணாடி வழியா பார்த்தேன். அப்பாவோட தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. உள்ள போய் என்ன சொல்றது? நீங்க பாசமா பண்ணதுதான் அவரைக் கொன்னுதுன்னா? திரும்பி வந்துட்டேன். எனக்கென்ன, வேற வேலை தேடிக்கலாம். அவங்களுக்கு வேற அப்பா கிடையாதே."

"பட்டன் வேலை செய்யலேன்னதும் யார்கிட்டயாவது கேட்டியா?"

"பிரேபென்கிட்ட கேட்டேன். பொறு, தானா சரியாயிடும்னார். நானும் அம்பைப் பார்த்து நம்பினேன். பெரியவர் போன் பண்ணப்பல்லாம், வரும் வரும்னு சொன்னேன். அதுல என் தப்பு இருக்கு. என் தப்புன்னு நான் சொன்னது பொய் இல்ல." அவள் போடிலின் கையைப் பிடித்தாள். "தயவுசெஞ்சு அவங்ககிட்ட சொல்லாதீங்க. என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும். எனக்குப் பழகிப்போச்சு."

போடில் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

"சொல்லாம விட்டுடலாம்னு ரயில்ல வரும்போதே யோசிச்சேன் நன்னா. ஆனா அந்த ஆளு எத்தனை மகள்களுக்கு அதே யோசனையைச் சொல்லியிருப்பான்? இன்னிக்கும் இந்த ஊர்ல எங்கேயோ ஒரு பெரியவர் கட்டின பையோட உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டுலயும் பட்டன் செத்திருக்கும். நீ வாயை மூடினா அதுவும் மூடியே இருக்கும்."

நன்னா கையை விட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்போ நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது," என்றாள்.

*

போடில்தான் சொன்னாள். அதே கடையில், கடையைப் பூட்டிய பிறகு. ஒரு விதியைச் சொன்னாள், இன்னொரு விதியைச் சொன்னாள், மூன்றாவதை டோர்தே தானாகவே புரிந்துகொண்டாள். அவள் அழவில்லை. "நான் அன்னிக்குப் போனையே தொடாம இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். படுக்கை கிடைத்திருக்கும் என்று போடில் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. 

இந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட நகராட்சி மன்றக் கூட்டத்துக்கு டோர்தே வந்தாள். எழுந்து நின்று பிரேபெனைக் காட்டி, எங்கப்பாவுக்குப் படுக்கைக்கான கதவை நான்தான் மூடினேன், இவர் சொல்லி மூடினேன், இவர் தன் அப்பாவுக்கு மூடவில்லை என்று மூன்றே வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தாள்.  அந்த வாரமே நர்ஸுகள் வீடு வீடாகப் போனார்கள். கட்டின பையோடு காத்திருந்த சிலருக்குப் படுக்கை கிடைத்தது. ஒரு கிழவிக்குக் கிடைக்கவில்லை. நர்ஸ் போனபோது தாமதமாகிவிட்டது.

பிரேபென் எந்த விதியையும் மீறவில்லை என்று விசாரணை முடிவு செய்தது. அவரைச் சாலைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை கேக் வெட்டி அனுப்பிவைத்ததாகக் கேள்வி. தொட வேண்டாம் என்று சொன்ன மேலிடம் யாரென்று யாருக்கும் நினைவு வரவில்லை.

"கேக் எந்தக் கடைன்னு விசாரிக்கவா மேடம்?" என்றான் ட்ரோல்ஸ். அதைச் சொன்ன பிறகு அவனுக்கே பிடிக்கவில்லை.

நன்னாவை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். சங்கம் வழியாக வந்த அந்தக் கடிதத்தைக் கொடுக்க போடிலும் ட்ரோல்ஸும் அவள் வீட்டுக்குப் போன நாளில்தான், வாசல் மணி இன்னொரு முறை அடித்தது. நன்னா திறந்தாள். டோர்தே நின்றிருந்தாள். கோட்டைக்கூடச் சரியாகப் பொத்தானிடாமல் வந்திருந்தாள்.

"உள்ள வாங்க," என்றாள் நன்னா.

"வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். நான்தான் மூடினேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"தெரியும்."

"பேப்பர்ல உன்னைக் கொலைகாரின்னேன். உன் வீட்டுக்குப் போன் பண்ணி, நீ நாசமாப் போவேன்னேன். அப்பவும் நீ வாயைத் திறக்கல."

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

"தாங்கினேனே," என்றாள் டோர்தே.  "உன்னைத் திட்டிக்கிட்டிருந்த வரைக்கும் தாங்கினேன். படுத்தா தூக்கம் வந்துச்சு. இப்ப நான் யாரைத் திட்டறது?"

நன்னா ஒரு அடி முன்னால் வந்தாள். டோர்தே ஒரு அடி பின்னால் போனாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, படி படியாக, நிதானமாக இறங்கினாள். கீழே தெருக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை மேலே மூன்று பேரும் அசையவில்லை.